குளிர்காலம் பிறந்த மதியம்

நான் இப்போது வேலை பார்க்கும் ஃபர்வானியாவில் மதியச் சோற்றில் கை வைத்த நேரம், ஷார்ஜாவிலிருந்து பழைய சைட் நண்பர் கூப்பிட்டார். "தங்கவேல் அண்ணன் போயிட்டாருய்யா. வெயில்ல சுருண்டு விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல." நவம்பர் பிறந்தாயிற்றே, இன்னும் என்ன வெயில் என்றுதான் முதலில் கேட்டேன். அன்று ரிட்டோ என்று அவர் சொன்னதும் சோற்றை மூடிவைத்துவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அது என்ன நாளென்று தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் அரியலூர்ப் பக்கம், கம்பி கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன். ஷார்ஜா சைட்டில் நான் அவரிடம் கம்பி வளைத்தவன். எங்கள் ஜப்பானிய இன்ஜினியரின் அறையில் அவர் நாட்டுக் காலண்டர் தொங்கும். வருஷத்தை இருபத்துநாலு பருவமாகப் பிரித்திருப்பார்கள். நவம்பர் தொடக்கத்தில் வருவது ரிட்டோ, குளிர்காலம் பிறக்கும் நாள். அதை ஒட்டி நிலம் உறையத் தொடங்கும் என்று இன்ஜினியர் ஆசையாகச் சொல்வார். "நிலம் இருக்கட்டும் சார், முதல்ல என் முதுகு ஆறட்டும்" என்பார் அண்ணன். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

மதிய வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற அரசுத் தடை செப்டம்பர் நடுவில் முடிந்துவிடும். வெயில் முடியாது. ஒரு வருஷம் அண்ணன் இன்ஜினியரின் மேசை முன்னால் போய் நின்றவர் நகர மறுத்துவிட்டார். "உங்க காலண்டர்ல குளிர் பிறக்கட்டும் சார். அதுவரைக்கும் மதியத்துல என் ஆளுங்க மேல ஏற மாட்டாங்க. பிறந்த அன்னைக்கு நானே முதல் ஆளா ஏறுறேன்." இன்ஜினியர் யோசித்துவிட்டுக் கை கொடுத்தார். நல்ல மனிதர், வருஷா வருஷம் அப்படியே நடந்தும் கொண்டார். பக்கத்து சைட் ஆட்கள் காய்ந்து கருகிய அந்த வாரங்களில் நாங்கள் நிழலில் படுத்துக் கிடந்தோம். எங்களில் எத்தனை பேர் அதனால் முழுசாக ஊர் போய்ச் சேர்ந்தோமோ.

இந்த வருஷம் ரிட்டோ வந்தது, வெயில் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் கேளுங்கண்ணே என்று ஆட்கள் கெஞ்சியிருக்கிறார்கள். கேட்டிருந்தால் இன்ஜினியர் தந்திருப்பார். அண்ணன் கேட்கவில்லை. "கை கொடுத்தாச்சுப்பா. இப்பப் பேச்சு மாறினா அடுத்த வருஷம் செப்டம்பரோட நம்ம நிழல் கலாஸ், முடிஞ்சுடும்" என்றாராம். சொன்னபடி முதல் ஆளாக ஏறினார். கொஞ்ச நேரத்தில் கொதித்துக் கிடந்த கம்பிகள் மேலேயே விழுந்துவிட்டார்.

செத்தவர்மேல் கோபப்படலாமா என்று கேட்பீர்கள். எனக்குக் கோபம்தான். எங்கோ ஒரு நாட்டில் குளிரும் நாளை நம்பி இந்த வெயிலில் வாக்குக் கொடுத்தாரே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தவறியிருக்கக் கூடாதா?

இப்போது நானும் ஃபோர்மேன். மேசை முன்னால் நகராமல் நின்ற அவருடைய பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அந்தச் சொல் தவறாத குணம் எனக்கு வேண்டாம். அது அவரோடு பெட்டியில் ஊருக்குப் போகட்டும்.