பேர் சொல்லிக் கொடுத்த மருந்து

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அக்காவின் கையால் எதையாவது வாங்கிக் குடித்து முகம் சுளித்தவர்கள். மீதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள். அனைவருக்கும் என் வணக்கம். "நீங்கதான் படிச்சவங்க சித்தி, நீங்களே எழுதுங்க" என்று அக்காவின் மக்கள் தாளை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். தங்கை எழுதினால் தலையில் தூக்கி வைத்துத்தான் எழுதுவாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கா செய்த ஒரு தவற்றையும் எழுதப் போகிறேன். அதை விட்டுவிட்டு அக்காவின் அருமையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது கம்மாபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூர். எங்களுக்குக் காணி நிலம் கிடையாது. அம்மாவும் அக்காவும் ஊரார் வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் கொண்டுவந்த கூலியில்தான் அடுப்பு எரிந்தது. பதினேழு வயதில் அக்காவை மாமாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நெய்வேலியில் சுரங்கத்துக்கு மண் எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. மாமா முதலில் கான்ட்ராக்டில் மண் சுமந்தார். பிறகு கம்பெனி வேலைக்கே எடுத்துக்கொண்டார்கள். பர்மனென்ட் ஆகுமுன்பே ஒற்றை அறை குவார்ட்டர்ஸ் ஒன்று கிடைத்தது. அம்மா தவறிய பிறகு, பத்து வயதுப் பெண்ணான என்னையும் அக்கா அந்த ஒற்றை அறைக்குள் கூட்டிக்கொண்டார். அன்று முதல் எனக்கு அம்மா, அக்கா இரண்டும் அவர்தான்.

எங்கள் பிளாக்கில் எட்டு வீடு, எட்டு ஊர்ப் பேச்சு. யாருக்கும் யாரையும் தெரியாது. ஆனால் தெருவுக்குப் பின்னால் கிடந்த காலி மனையில் முளைத்திருந்த அத்தனை பேரையும் அக்காவுக்குத் தெரியும். தும்பை, துத்தி, குப்பைமேனி, முடக்கத்தான், தூதுவளை. புது ஊருக்கு வந்த துக்கம் அந்த மனையைப் பார்த்த அன்றே அக்காவுக்குப் பாதி போய்விட்டது. ஷிப்ட் முடித்துக் கால் கடுத்து வருகிறவர்களுக்கு முடக்கத்தான் அடை. சளி பிடித்த பிள்ளைகளுக்கு நொச்சி இலை ஆவி. சிரங்குக்குக் குப்பைமேனியும் மஞ்சளும். இரண்டே மாதத்தில் எட்டு வீடும் எங்கள் வீட்டு அம்மிச் சத்தத்துக்குப் பழகிப் போயின.

காமாலை மருந்து மட்டும் வேறு. அது அம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போன மருந்து. பொழுது விடியுமுன் யார் கண்ணிலும் படாமல் பறிக்க வேண்டும். தழை எதுவென்று தெரியாதபடி விழுதாக அரைத்து மோரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். காசு வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் மருந்து பலிக்காது, கைராசியும் போய்விடும். குடித்தவர்களுக்கும் ஒரு கட்டு உண்டு. கிளம்பும்போது 'வரேன்' என்று சொல்லக் கூடாது. நோயாளி திரும்பி வருவது நல்லதில்லை அல்லவா? பேசாமல் எழுந்து போய்விட வேண்டும்.

எதிர் வீட்டில் கோமதி என்று ஒருவர் இருந்தார். திருநெல்வேலி டவுனில் கடைத்தெருவில் வளர்ந்தவர். செடி என்றால் துளசி ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அவர் கணவருக்குக் காமாலை கண்டபோது அக்கா ஒன்பது நாள் மருந்து கொடுத்தார். கண்ணில் மஞ்சள் இறங்கியதும் கோமதியம்மா ஆசையாகக் கேட்டார்.

"என்ன தழைக்கா இது? எனக்கு மட்டும் சொல்லப்பிடாதா?"

"கேக்காதீங்க கோமதி. சொன்னா பலிக்காதுங்க" என்று அக்கா சிரித்து மழுப்பிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, சித்தப்பா மகளின் சடங்குக்காக அக்காவும் நானும் சேத்தியாத்தோப்புக்குப் போய் மூன்று நாள் தங்கினோம். நான்காம் நாள் பகல் பஸ்ஸில் வந்து இறங்கி, தெருமுனை திரும்பும்போதே பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தார். கோமதியம்மாவின் ஐந்து வயது மகள் சங்கரிக்குக் கண் மஞ்சளாக இருந்ததாம். அக்கா ஊரில் இல்லை. கணவருக்கு மருந்து கொடுத்த நாட்களில் அக்கா காலி மனையோரம் ஒழுகும் தண்ணீர்க் குழாயடியில் குனிந்து பறிப்பதைக் கோமதியம்மா தன் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். அதே இடத்தில் கை நிறையப் பறித்து, அதே போல அரைத்து, மோரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அங்கே படர்ந்து கிடந்தது கிள்ளினால் பால் வடிகிற வேறொரு பூண்டு. பிள்ளை வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போய், அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அக்கா பையை வீட்டு வாசலில்கூட வைக்கவில்லை. சடங்கு வீட்டில் கொடுத்த வெற்றிலை பாக்கோடு அப்படியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா அழுததை அதுவரை நான் பார்த்ததில்லை. அம்மா செத்த அன்றுகூட எனக்காக அடக்கிக்கொண்டவர். அன்று தெருவென்றும் பார்க்காமல் அழுதுகொண்டே போனார். "அந்தப் புள்ளைக்கு ஒன்னும் ஆவக் கூடாது" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

வார்டு வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கோமதியம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன குடுத்தீங்க? யார் சொல்லி இதக் குடுத்தீங்க?"

"யாரும் சொல்லல சார். நானா பறிச்சேன். எனக்குத்தான் புத்தி இல்ல" என்றார் கோமதியம்மா. அக்காவின் பேரை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமா அக்காவிடம் பல முறை எச்சரித்திருந்தார். "இன்னும் பர்மனென்ட் ஆவல. மருந்து குடுக்கறன்னு எவனாச்சும் எழுதிப் போட்டா குவார்ட்டர்ஸும் போவும், வேலையும் போவும்." அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், தப்பித்திருப்பார். கோமதியம்மா அதற்கு வழியும் விட்டிருந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"இல்லீங்க டாக்டர். இவங்க வூட்டுக்காரருக்கு மருந்து குடுத்தது நான்தான். பேர சொல்லாம மறைச்சிக்கினு இருந்தேன். சொல்லியிருந்தா மாத்திப் பறிச்சிருக்க மாட்டாங்க. தப்பு எம்மேலதாங்க."

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். "இனிமே யாருக்குக் கண் மஞ்சளானாலும் மொதல்ல இங்க கூட்டிட்டு வாங்க. உங்க தழையை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று மாலை மாமா விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு, "நெசத்ததான சொன்ன? போவட்டும் வுடு" என்றார். அவ்வளவுதான். மாமாவின் குணத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும். எந்தப் புகாரும் போகவில்லை. அடுத்த ஆண்டு பர்மனென்ட் ஆர்டரும் வந்தது.

ஐந்தாம் நாள் சங்கரி வீட்டுக்கு வந்தாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, நன்றாக வெயில் ஏறிய பிறகு, தெருவே பார்க்கும்படி அக்கா கோமதியம்மாவைக் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனார். ஒரு செடியைக் கிள்ளித் திருப்பிக் காட்டினார்.

"இலைக்கு அடியில வரிசையா காய் தொங்குது பாருங்க, குட்டி நெல்லிக்கா கணக்கா. பால் வராது. இதெல்லாம் இருந்தாதான் அது. இல்லன்னா தொடாதீங்க. இதும் பேரு..."

அங்கே அக்கா நின்றுவிட்டார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. தன் கைராசி. இரண்டும் அந்த ஒரு சொல்லோடு போய்விடும் என்று அக்கா மெய்யாகவே நம்பினார். இன்று எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று அக்கா பட்ட பாட்டைப் பார்த்தவள் நான்.

"கீழாநெல்லி" என்றார்.

"இதுவாக்கா? பேரு எங்க ஊர்லயும் கேட்டிருக்கேன். செடிய இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் கோமதியம்மா. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். அக்கா அன்று மனை முழுதும் நடந்து ஒவ்வொரு பூண்டையும் பேர் சொல்லிக் காட்டினார். பால் வடியும் அந்தப் பூண்டையும் காட்டினார்.

பிறகு மாமா காலி டால்டா டின்கள் கொண்டுவந்தார். அவற்றில் செடிகளை வைத்து, என்னைச் சுண்ணாம்பால் பேர் எழுதச் சொன்னார் அக்கா. என் கையெழுத்து திருந்தியது அந்த டின்களில்தான். தெருவில் மற்றவர்கள் குரோட்டனும் ரோஜாவும் வளர்த்தார்கள். எங்கள் வாசலுக்குக் 'களைத் தோட்டம்' என்று பேர். "ஊர்ல இதப் புடுங்கிப் போடத்தான் உனக்குக் கூலி குடுத்தாங்க. இங்க இதுக்கே தண்ணி ஊத்திக்கினு நிக்கறியே" என்று மாமா கேலி செய்வார்.

அந்த மழைக்காலத்தில் மாமாவுக்கே கண் மஞ்சளானது. அக்கா முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் மருந்தை அரைத்தார். "இது கீழாநெல்லி" என்று வாய்விட்டுச் சொல்லி அவர் டம்ளரை நீட்டியபோது மோர் தரையில் சிந்தியது. பேர் சொன்ன மருந்து பலிக்காமல் போனால் யாருக்கு நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். மூன்று வாரத்தில் மாமா தேறினார். "டாக்டர் மாத்திரையில கேட்டுச்சா, உன் தழையில கேட்டுச்சா, யாரு கண்டா?" என்று வம்புக்கு இழுத்தார்.

"எதுல கேட்டா இன்னா? எழுந்து ஷிப்டுக்குப் போ" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "பேர சொன்னதுக்கு செடி கோச்சிக்கல போலக்குது" என்று மெல்லச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

என்னைப் படிக்க வைத்ததும், நான்கு பிள்ளைகளை ஆளாக்கியதும், மாமா ஓய்வு பெற்றபின் டவுன்ஷிப்புக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு கட்டியதும், மாமா போனபின் அதில் தைரியமாகத் தனியே இருந்ததும் நீங்கள் அறிந்தவை. டின்கள் துருப்பிடித்துத் தொட்டிகளாயின. செடிகள் கூடவே வந்தன. பழைய கட்டுகளில் ஒன்றை மட்டும் அக்கா கடைசிவரை விடவில்லை. மருந்து வாங்கியவர் 'வரேன்' சொல்லக் கூடாது. சங்கரி சளிக்கும் சிரங்குக்கும் அக்காவின் மருந்திலேயே வளர்ந்து, மணமாகி, சிதம்பரத்தில் ஆசிரியையாகி, ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவாள். கிளம்பும்போது வாயெடுத்தால் போதும். "மருந்து சாப்ட்ட புள்ள. சொல்லாத. பேசாம போ" என்று அக்கா அதட்டுவார். அவளுக்கு அறுபது வயது தாண்டியும் அந்த அதட்டல் நிற்கவில்லை.

அக்கா படுக்கையில் இருந்த கடைசி எட்டு நாளும் தலை வாரிவிட்டதும் கஞ்சி ஊட்டியதும் அந்தச் சங்கரிதான். அவளுக்கு எங்கள் குடும்பம் பட்ட கடனை இந்தத் தாளில் தீர்க்க முடியாது. அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும் கைகூப்புகிறோம். இன்று நம்மோடு இல்லாத கோமதியம்மாவுக்கும் ஒரு நன்றி. டாக்டர் கேட்டபோது அவர் அக்காவைக் காட்டிக் கொடுத்திருந்தால், இந்த மலர் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அக்காவை எடுத்துச் சென்ற பிறகு எல்லோரும் சொல்லாமல் கிளம்பினார்கள். சாவு வீட்டிலும் 'வரேன்' சொல்லக் கூடாது அல்லவா? சங்கரி வாசல் வரை போனாள். திரும்பி வந்தாள். அக்காவைக் கிடத்தியிருந்த இடத்தில் எரிந்த விளக்கின் முன் நின்று, "பெரியம்மா, நான் போயிட்டு வரேன்" என்றாள். "இன்னாடி இது, சாவூட்ல சொல்லிக்கினு!" என்று பெரியவர்கள் பதறினார்கள். "சொல்லட்டும், வுடுங்க" என்றேன் நான்.

நினைவு நாளுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்காவின் மருந்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனவர்கள் உங்களில் எத்தனையோ பேர். அன்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, வாய் நிறைய 'வரேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். இனி அக்கா அதட்ட மாட்டார்.