வெறுங்கையோடு போகும் தூரம்

பதுளையில் நான் அரிசிக்கடை வைத்திருந்தபோது, தெமோதரைத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு மூட்டை ஏற்றிப்போன மாட்டுவண்டிக்காரர் அவர். முன்பல் இரண்டு இல்லை. மழையோ வெயிலோ, தலையில் ஒரு சாக்கு. நேரம் தவறாதவர். மாதத்தில் ஒரு நாள் மட்டும் பொழுது சாய்ந்துதான் போய்ச் சேருவார். தோட்டத்து ஏச்சு எனக்குக் கடிதமாக வரும்.

அந்த ஒரு நாளில் லுணுகலையிலிருந்து ஒரு சிறுமியை ஏற்றி வருவார். அவள் பெற்றோர் பிரிந்தவர்கள். தாய் அங்கே; சிறுமி மாதம் பத்து நாள் தெமோதரையில் தகப்பனிடம் இருப்பாள். என் கடை வாசலில் அவள் மணிக்கட்டிலிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்து மடியில் முடிந்துகொள்வார்.

“எதுக்கய்யா இது?” என்றேன்.

“ஆத்தா கட்டுனதுங்க. அப்பன் பார்த்தா அறுத்துப்புடுவான். அவன் கட்டுன செவப்புக் கயிறும் எங்கிட்டதான் இருக்கு. தோட்டத்துக்குக் கிட்டப் போயி கட்டிவிடுவேன்.”

“இங்கயே கட்டிவிட்டா என்ன?”

“கையில ஒண்ணும் இல்லாதப்பதாங்க புள்ள பாட்டுப் படிக்குது. அதான் மாட்டை வெரட்டுறதில்ல.”

அடுத்த ஏச்சுக் கடிதத்துக்கு, மாட்டுக்குக் கால் நோவு என்று நானே பதில் எழுதினேன். கடைப்பெயர் அச்சடித்த தாளில் அதுவரை நான் பொய் எழுதியதில்லை.