அருப்புக்கோட்டைக்கு வந்த பியானோ

சனிக்கிழமை காலை 5.50க்குச் சென்னைப் பேருந்து எங்களை அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டது. கட்டணம் தலைக்கு 780 ரூபாய். பிப்ரவரி என்பதால் லேசான குளிர் இருந்தது. நானும் ஜெயகரனும் முன்னால் வந்துவிட்டோம். ஆர்கெஸ்ட்ராவின் முப்பது பேரும் தனிப் பேருந்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

ஜெயகரன் என் பக்கத்து வீட்டுக்காரர். சென்னையில் ஒரு மேற்கத்திய செவ்வியல் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறார். வாசிப்பவர்கள் எல்லாரும் வேறு வேலை பார்ப்பவர்கள். வார இறுதியில் ஒத்திகைக்குக் கூடுவார்கள். எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது. இசைத்தாள்களை அடுக்கிவைத்து அவரவர்க்கு உரியதைக் கொடுப்பது என் பொறுப்பு.

நாங்கள் வந்தது எஸ்தருக்காக. எஸ்தர் இவ்வூரில் கணக்கு ஆசிரியை. ஞாயிறுதோறும் கிராமத்து சர்ச் ஒன்றில் கீபோர்டு வாசிப்பவர். வயது நாற்பத்தொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஜெயகரன் நடத்திய பயிற்சி முகாமுக்கு வந்து, ஒரு கான்செர்ட்டோவின் பியானோ பகுதியை மனப்பாடமாக வாசித்துக் காட்டினார். கான்செர்ட்டோ என்பது ஒரு பியானோவும் முழு ஆர்கெஸ்ட்ராவும் மாறி மாறிப் பேசிக்கொள்வதுபோல் எழுதப்பட்ட நீண்ட இசை. விரைவு, நிதானம், மீண்டும் விரைவு என மூன்று பகுதிகள் கொண்டது. “உங்க ஊர்ல மண்டபமும் பியானோவும் ஏற்பாடு பண்ணுங்க, நாங்க வர்றோம்” என்று ஜெயகரன் அன்று சொல்லிவைத்தார். உற்சாகப்படுத்தச் சொன்ன சொல்தான். எஸ்தர் இரண்டையும் ஏற்பாடு செய்துவிட்டுப் போன் செய்தார்.

பேருந்து நிலையத்திலிருந்து மண்டபம் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். கச்சேரியில் யார் பாடுகிறார்கள் என்று ஓட்டுநர் கேட்டார். பாட்டு கிடையாது, வாசிப்பு மட்டும்தான் என்றேன். சிறிது தூரம் யோசித்தபடி ஓட்டிவிட்டு, “பாடாம ரெண்டு மணி நேரம் என்ன சார் பண்ணுவாக?” என்றார்.

பத்து மணிக்கு மதுரைப் பள்ளி ஒன்றிலிருந்து லாரியில் பியானோ வந்தது. எட்டுப் பேர் இறக்கினார்கள். “ஏலே, பீரோவச் சாய்க்கிற மாதிரி சாய்க்காதலே, உள்ள என்னமோ முனங்குது” என்று அவர்களில் மூத்தவர் சொல்லிக்கொண்டே வந்தார். கூடவே வந்த ஸ்ருதி சேர்ப்பவர் சாப்பாட்டு நேரம் வரை அதனோடு இருந்தார்.

மூன்று மணிக்கு ஒத்திகை. முதல் பகுதி நன்றாகவே வந்தது. நிதானமான இரண்டாம் பகுதியில்தான் சிக்கல். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் எஸ்தர் ஆர்கெஸ்ட்ராவுக்காக நின்றார். தனியாக வாசிப்பவரை நடத்துநர் பின்தொடர வேண்டும் என்பது வழக்கம். அதனால் ஜெயகரனும் தாளம் காட்டும் கோலைத் தூக்கிப் பிடித்தபடி எஸ்தருக்காக நின்றார். இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு, எட்டு நிமிட இசை பன்னிரண்டு நிமிடம் ஓடியது. குழல் ஊதுபவர்களுக்கு மூச்சு போதவில்லை. நிற்க வேண்டாம் என்று ஜெயகரன் சொன்னார், எஸ்தர் தலையாட்டினார், மறுபடியும் நின்றார். நான்கு முறை இதுவே நடந்தது.

மாலைத் தேநீரின்போது ஜெயகரன் மறைக்காமல் பேசினார். நாளை மதிய ஒத்திகையிலும் இது சரியாகாவிட்டால் கான்செர்ட்டோவை விட்டுவிடலாம். ஆர்கெஸ்ட்ரா தன் மற்ற இரண்டு படைப்புகளை வாசிக்கும். எஸ்தர் விரும்பினால் தனியாக ஒன்று வாசிக்கட்டும் என்றார். எஸ்தர் தேநீரைக் குடித்து முடித்துத் தம்ளரை வைத்தார்.

“தனியா நான் எங்க வீட்லயே வாசிச்சுக்கிருவேன் சார். முப்பது பேரோட சேந்து வாசிக்கணும்னுதான் இம்புட்டும். ஆனா சபையில நடுவுல நின்னு போச்சுன்னா உங்க எல்லாத்துக்கும் கேவலம். நீங்க முடிவெடுங்க.”

காலையில் சர்ச் முடிந்து வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். ஏனென்று தெரியவில்லை, தானும் வருவதாக ஜெயகரன் சொன்னார்.

ஞாயிறு காலை 6.45க்கு வேனில் புறப்பட்டோம். பரளச்சி போகும் சாலையில் பதினெட்டுக் கிலோமீட்டர். இருபுறமும் கரிசல்; சீமைக் கருவேலங்களுக்கு நடுவே கரிமூட்டப் புகை. கண்மாயில் மடையை ஒட்டி மட்டும் தண்ணீர் கிடந்தது. இரண்டு இடங்களில் பிடுங்கிய கொத்தமல்லிச் செடிகளைச் சாலையிலேயே பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்துக் காய் உதிர்வதற்காக. எங்கள் வேனும் தன் பங்குக்கு மிதித்தது. வாசனை ஊர் வரைக்கும் கூட வந்தது.

சர்ச்சில் அறுபது பேர் இருந்தார்கள். பாட்டு தொடங்கியதுமே விஷயம் விளங்கியது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சபை இழுத்தது. எல்லாரும் நிறுத்திய பிறகும் முன்வரிசையில் ஒரு பெண்குரல் தனியாக நீண்டது. அது ஓய்ந்து, பெரிதாக மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எஸ்தரின் கை அடுத்த வரிக்கு இறங்கியது. ஜெயகரன் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு எஸ்தரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், முன்வரிசையில் நீட்டிப் பாடியது யார் என்று எஸ்தரிடம் கேட்டார்.

“பாக்கியம் சித்தி. பருத்திக் காட்டுல களை கொத்துறவுக. அவுக மூச்சு எடுத்தாகன்னா சனம் தயார்னு அர்த்தம். அதுக்கு முந்திப் போனா பாதிப் பேரு பின்னால விழுந்துருவாக.”

“நேத்து எங்க மூச்சு உங்களுக்குக் கேட்டுச்சா?”

“உங்க ஆளுக மூச்சே விடலையே சார்” என்றார் எஸ்தர்.

மதிய ஒத்திகையில் ஜெயகரன் இரண்டு காரியம் செய்தார். ஒவ்வொரு வரியையும் தொடங்குமுன் காதில் விழும்படி மூச்சு இழுக்குமாறு முதல் வயலின்காரரிடம் கூறினார். அந்தச் சத்தம் பியானோ வரை எட்டுவதற்காக மண்டபத்து மின்விசிறிகள் அனைத்தையும் நிறுத்தச் சொன்னார். இரண்டாம் பகுதி எட்டரை நிமிடத்தில் முடிந்தது. எஸ்தர் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கான்செர்ட்டோ நிகழ்ச்சியில் இருக்கும் என்று ஜெயகரன் அறிவித்ததும் ஊதுபவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

மண்டப மேலாளருக்கு மட்டும் சம்மதமில்லை. “ஃபேன நிப்பாட்டுனா சனம் எந்திரிச்சுப் போயிரும் சார். தாலி கட்டுற நேரத்துலகூட நாங்க நிப்பாட்டுனதில்ல.” எட்டரை நிமிடம்தான் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தோம்.

மாலை ஆறு மணிக்கு நானூறு நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. பக்கத்துத் தெருக்களின் நெசவாளர் குடும்பங்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசியபடி முன்பக்கம் அமர்ந்தார்கள். சர்ச்சிலிருந்து வேனிலும் டவுன் பஸ்ஸிலும் வந்தவர்களுக்கு மூன்றாம் வரிசையிலிருந்து இடம் கிடைத்தது. முதல் பகுதி முடிந்ததும் கூட்டம் கை தட்டியது. இடையில் தட்டுவது வழக்கமில்லை. ஜெயகரன் திரும்பி வணங்கினார். விசிறிகள் நின்றன. சில பெண்கள் முந்தானையால் விசிறத் தொடங்கி, வளையல் சத்தம் கேட்டதும் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

பியானோ தனியாகத் தொடங்கியது. முதல் வரி முடிந்தது. எஸ்தரின் கை பியானோக் கட்டைகளுக்கு மேலே தூக்கியபடி இருந்தது. ஜெயகரன் அவரைப் பார்த்தார். வயலின்காரர் மூச்சு இழுத்தது எனக்கு ஏழாவது வரிசையில் கேட்டது. கை இறங்கியது, வயலின்கள் அதே கணத்தில் வந்து சேர்ந்தன. பின்பு கடைசி வரை யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பியானோ ஒரு வரியை விட்ட இடத்தில் குழல்கள் எடுத்துக்கொண்டன. அவை தணிந்த இடத்தில் பியானோ எழுந்தது. வியர்வை கண்ணில் இறங்கியும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

எட்டு மணிக்கு வாசலில் பாக்கியம், பரளச்சி பஸ்ஸுக்குப் புறப்படுமுன் எஸ்தரைத் தேடி வந்தார். நல்லாயிருந்ததா என்று ஜெயகரன் கேட்டார்.

“நல்லாத்தான்யா இருந்துச்சு. ஃபேன நிப்பாட்டுன பெறகுதான் எனக்குக் கஷ்டம். வாயில சேலையப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் மூச்சு வாங்குனா இந்தப் புள்ள அங்கன இருந்தே அதக் கேட்டு அடுத்த வரிய எடுத்துருமே. எனக்குத் தெரியாதாக்கும்?” பிறகு எஸ்தர் பக்கம் திரும்பினார். “அடுத்த ஞாயித்துக்கெழம எங்களுக்கு நிப்பேல்ல?”

“நிப்பேன் சித்தி.”

எங்கள் பேருந்து ஒன்பதரைக்கு. சென்னையில் எங்கள் கச்சேரிகளுக்கு வருபவர்கள் முறை தெரிந்தவர்கள்; இடையில் கை தட்டமாட்டார்கள், இருமல் வந்தால் வெளியே போய்விடுவார்கள். அவர்களில் ஒருவர் மேடையில் இருப்பவரின் பழக்கத்தை அறிந்து, அவருக்காகத் தன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. அதற்கு அவருடன் பல வருடம் பாடியிருக்க வேண்டும்.