மேல் லயத்தில் மூர்த்தி

"தண்ணி வந்துருச்சு!" என்று கணேசமூர்த்தி கூவுகிறான். குழாயடியில் வாளியை வைத்துவிட்டு, லயத்தின் கடைசிக் கதவு வரை கேட்கும்படி இன்னொரு தடவையும் கூவுகிறான். கேட்க யாருமில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய ஒற்றையறை வீடுகள்; எல்லாக் காம்பராவும் காலி. "பழக்கதோசம்டா சுதா. அத எடுக்காத" என்று என் கமராவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான். நான் எடுத்துவிட்டேன்.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மலை சரியக்கூடும் என்று சொல்லி, இந்த லயத்துக் குடும்பங்களைக் கீழே ரோட்டோரத்துத் தனி வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். காலமெல்லாம் கேட்டு வாங்கிய வீடுகள். அவற்றின் சுவர்களுக்கு வர்ணம் அடித்தவனே மூர்த்திதான். அவனுக்கும் ஒன்று கிடைத்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். கீழ் வீட்டில் படுப்பதோடு சரி. கூலி வேலை இல்லாத நாளில் விடிந்ததும் மேலேறி வந்து, தன் பழைய காம்பராவில் உட்கார்ந்து படம் வரைகிறான். மழை இருட்டினால் இறங்கிவிடுவான்.

நான் ஹட்டனில் கல்யாண வீடியோ எடுப்பவன். பள்ளிக்கூடத்தில் அவனும் நானும் ஒரே வாங்கில் இருந்தோம். அவன் எப்படி வரைகிறான் என்பதை ஒரு படமாக எடுக்க ஆசைப்பட்டு, முகூர்த்தமில்லாத மாதமாகப் பார்த்து வந்து சேர்ந்தேன்.

வேலைத்தலத்தில் மிஞ்சிய சுவர் வர்ணம்தான் அவனுடைய வர்ணம். கித்தான் கிடையாது, பலகைதான். வரைவதெல்லாம் இந்த லயத்து ஆட்களை. வரையும்போது வாய் சும்மா இருக்காது. "என்னா, மூஞ்சி வாடிக் கெடக்கு? சாப்பிட்டீங்களா இல்லியா?" என்றான் ஒரு நாள். என்னைக் கேட்கிறான் என்று நினைத்து, "இன்னும் இல்ல" என்றேன். தூக்கிவாரிப்போட்டதுபோலத் திரும்பிப் பார்த்தான். அவன் கேட்டது பலகையில் வரைந்துகொண்டிருந்த வீரம்மாவை.

இந்த முறை பலகையில் இருந்தவர் அழகம்மா அக்கா. பக்கத்துக் காம்பராக்காரர். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கிற முகம். நெற்றி, கண், வாய் எல்லாம் வந்துவிட்டன. மூக்குக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வரைவான், துணியால் துடைப்பான், மறுபடி வரைவான். இரண்டு நாளாக என் கமராவில் அந்த மூக்குதான்.

"மூக்குத்தி எந்தப் பக்கம்னு தெரியலடா" என்றான் கடைசியில். "முப்பது வருசமா ஒரே செவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நானு. மொகம் மறந்து போவுது."

"கீழதான இருக்காங்க? போய்ப் பாத்துட்டு வா."

"போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. தட்டிட்டு என்னான்னு சொல்றது? மூக்கப் பாக்க வந்தேன்னா? இங்க கதவத் தட்டுற பழக்கமே இல்லியே. இஸ்தோப்புக்கு வந்தா எல்லா மூஞ்சியும் தெரியும்."

அவன் சொன்ன இஸ்தோப்பு, காம்பராக்களின் முன்னால் ஓடும் பொது வாசல். அதில் இப்போது புல் முளைத்திருக்கிறது.

மறுநாள் பதினொரு மணிவாக்கில் அந்த வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. அழகம்மா அக்காதான். லயத்துக்குப் பின்னால் தான் நட்ட மரத்தக்காளியில் காய் பறிக்க வந்திருந்தார். திறந்த கதவைப் பார்த்ததும் கேட்காமலே உள்ளே நுழைந்தார். பலகையைப் பார்த்தார்.

"யாரு இது? நானா?"

மூர்த்தி எழுந்து நின்றுவிட்டான்.

"மூக்குத்திய எங்க தம்பி கழட்டி வச்ச?" அவர் சிரித்தபடி வலப்பக்க மூக்கைத் தொட்டுக் காட்டினார். "வச்சு வுடு. மூளி மூக்கோட என்னைய அப்படியே வுட்டுட்டுப் போயிறாத."

கதவடியில் கிடந்த கல்லில், பறித்த காய்களோடு மடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூர்த்தி மஞ்சளைத் தொட்டு வரையத் தொடங்கினான். அக்கா பேசிக்கொண்டே இருந்தார்: வீரம்மாவின் முழங்கால் வலி, மருமகளின் வேலை, புது வீட்டுச் சமையலறையில் புகை வெளியேறாதது. அவன் "ம்", "ம்" என்றான். அத்தனை நாள் கேள்வியெல்லாம் அவனே கேட்டுக்கொண்டிருந்தான். இன்று பதில் மட்டும் சொன்னான். அவன் தோள் தளர்ந்து இறங்குவதை நான் கமராவில் பார்த்தேன்.

மூக்குத்தி வந்துவிட்டது. ஒரு பொட்டு மஞ்சள், அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவு வெள்ளை. முகம் சட்டென்று உயிர் பெற்று எங்களைப் பார்த்தது. இதைத்தான் எடுக்க வந்தேன், எடுத்தாயிற்று என்று நினைத்தேன்.

வெளியே இருட்டத் தொடங்கியது. "மழ வரப் போவுது. முடிஞ்சிச்சா தம்பி?"

"இன்னும் கொஞ்சங்க்கா. அசையாதீங்க."

தூரிகையைத் துணியில் சுத்தமாகத் துடைத்தான். எந்த வர்ணத்தையும் தொடவில்லை. அந்த வெறும் தூரிகையைக் காய்ந்துகொண்டிருந்த மூக்குத்திக்குப் பக்கத்தில் வைத்து, பலகையில் படாமல், மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தான்.