விரல் நீள ரப்பர் குழாயும் கிளட்ச் இல்லாத வண்டியும்

மெக்கானிக் வேலையில் கைக்கு வேலை கம்மி, காதுக்குத்தான் ஜாஸ்தி. வண்டி என்ன சத்தம் போடுகிறது, வண்டிக்காரர் என்ன சொல்கிறார், இரண்டையும் கடைசிவரை கேட்கணும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். பாஸ்தான் ஆனேன், உட்காரத்தான் முடியவில்லை. திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்காலில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் சேகர் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

பழைய வண்டி வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிறவர்களும், அதை ரிப்பேர் பண்ணி அவஸ்தைப்படுகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே ஒரு பிக்கப் வண்டி விஷயம்தான்.

இரண்டே பெடல்

வெள்ளை நிற ஜப்பான் பிக்கப். மெட்ராஸில் இருந்த யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. எனக்கும் அதற்கும் ஒரே வயசு இருக்கும். அதை ஓட்டிக்கொண்டு வந்தவர் கீழ்பென்னாத்தூர் ஏழுமலை அண்ணன். தினமும் விடியற்காலையில் கத்திரிக்காய், தக்காளி, வாழை இலை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை மார்க்கெட்டுக்கு வருகிறவர். பன்னிரண்டு வருஷமாக வாடகை டெம்போவில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஸ்டீயரிங் பிடித்து வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

சேகர் மாமா கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். ஆக்ஸிலேட்டர் இருந்தது, பிரேக் இருந்தது, கிளட்ச் இல்லை. கையால் தடவிப் பார்த்தார். பாயைத் தூக்கிப் பார்த்தார். "என்னாங்க இது, ஒரு பெடலைக் காணோமே!" என்றார். ஏழுமலை அண்ணன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து இறங்கினார். சின்ன வயசில் இளம்பிள்ளை வாதம் வந்த கால். முட்டிக்குக் கீழே சதையே இல்லை. அவர் சொன்னார்: "எனக்கும் ஒரு கால் வேலை செய்யாதுங்க, அதான் ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

எண்ணெய் பார்த்த விதம்

கியர் தானாகவே மாறுகிற ஆட்டோமேட்டிக் வண்டி அது. முதல் கம்ப்ளெயின்ட், கியரைப் போட்டால் வண்டி உடனே நகரமாட்டேன் என்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினால்தான் ஒரு குலுக்கலோடு கிளம்புகிறது. பானெட்டைத் திறந்தால் ஆயில் பார்க்கிற கம்பி இரண்டு இருந்தது. ஒன்று என்ஜினுக்கு, இன்னொன்று கியர் பாக்ஸுக்கு என்று நானாகவே கண்டுபிடித்தேன். எல்லா வண்டிக்கும் பார்க்கிற மாதிரி என்ஜினை அணைத்துவிட்டு உருவிப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே ஆயில் நின்றது. ஜாஸ்தியாக இருக்கிறது என்று அரை லிட்டரை இறக்கிவிட்டேன். மறுநாள் வண்டி இன்னும் மோசமாகத் திரும்பி வந்தது. ஐந்து எண்ணினாலும் கிளம்பவில்லை.

டேஷ்போர்டு பெட்டியில் வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. என் இங்கிலீஷ் மார்க் முப்பத்தாறு. இருந்தாலும் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஆயில் பக்கத்தைப் படித்துவிட்டேன். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கணும், சூடாக இருக்கணும், கியர் லீவர் பார்க்கிங்கில் இருக்கணும், அப்போதுதான் அளவு சரியாகத் தெரியும் என்று போட்டிருந்தது. அப்படிப் பார்த்தால் கம்பி நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. கம்மியாக இருந்ததை ஜாஸ்தி என்று நினைத்து இன்னும் கம்மி பண்ணியிருக்கிறேன்! பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயிலை ஊற்றியதும் வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

எனக்கு வேண்டிய பக்கம் கிடைத்துவிட்டது. புத்தகத்தை மூடிப் பெட்டியில் போட்டேன். ஏழுமலை அண்ணன் அதைத் திரும்ப எடுத்து என் கையிலேயே கொடுத்தார்: "மீதியையும் படிச்சுடு தம்பி, எனக்குத்தான் இங்கிலீஷ் வராது."

பௌர்ணமி அன்றைக்கு

கிரிவலத்துக்கு ஊரே நிரம்பி வழிந்த ஒரு சாயங்காலம். தேரடி வீதியில் பிக்கப் நின்றுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால், வேர்த்து வடிகிற ஆறு பேர், அதில் ஒரு போலீஸ்காரர், வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கும்பலில் என்ஜின் அணைந்துவிட்டதாம். சாவி திருப்பினால் சத்தமே இல்லையாம். நம் ஊரில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை, முதலில் தள்ளிவிடுவார்கள். காந்தி சிலையிலிருந்து தேர் வரைக்கும் தள்ளியாகிவிட்டது.

கிளட்ச் இல்லாத வண்டி தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது. லீவர் ஓடுகிற கியரில் இருந்தால் சாவிக்கும் அசையாது. அது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. கையை உள்ளே விட்டு லீவரை பார்க்கிங்குக்குத் தள்ளி, சாவியைத் திருப்பினேன். உடனே உறுமியது. கூட்டமே கை தட்டியது. நான் அன்றைக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது உண்மை. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இந்த ஜில்லாவிலேயே நான்தான் டாக்டர் என்று நினைத்ததும் உண்மை. தள்ளினவர்களில் ஒரு பெரியவர் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இதுக்குத் தள்ளின தூரம் நடந்திருந்தா நான் பாதி மலையச் சுத்தியிருப்பேன்யா."

போனில் வைத்தியம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒர்க்‌ஷாப்புக்கு எதிரில் டீக்கடை, டீக்கடைக்கு ஒட்டினாற்போல் எஸ்.டி.டி. பூத். டீக்கடை டிவியில் கிரிக்கெட் மேட்ச், கடைசி ஐந்து ஓவர். ஏழுமலை அண்ணன் கீழ்பென்னாத்தூரிலிருந்து கூப்பிடுகிறார் என்று பூத்காரர் குரல் கொடுத்தார். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கழுத்தை டிவி பக்கம் நீட்டிக்கொண்டே பேசினேன்.

"தம்பி, என்ஜின் ஒரேயடியா கத்துது. ரெண்டாவது கியருக்கு மாறவே மாட்டேங்குது. மாறினாலும் உதைக்குது. நின்னா துடிக்குது. நீ கொஞ்சம் பஸ் ஏறி வந்து பார்க்குறியா?"

"இன்னைக்கா? ஆகாதுண்ணா."

"அப்போ மெதுவா ஓட்டிக்கினு வந்துடட்டா? ஓடுது, ஓடாம இல்ல."

அங்கேதான் என் டாக்டர் புத்தி வேலை செய்தது. கியர் கெட்டுப்போய் இருக்கும்போது ஓட்டினால் மொத்தமும் போய்விடும் என்று நினைத்தேன். "ஓட்டவே ஓட்டாதீங்க. நியூட்ரல்ல போட்டு, ஏதாவது லாரியில கயிறு கட்டி இழுத்துக்கினு வந்துடுங்க" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் சீக்கிரம் வைக்கணும் என்ற அவசரத்திலும் சொன்னேன். அவர் சொன்னார்: "அதுக்கு டாக்டர் நீதான், நீ சொன்னா சரிதாம்பா."

படிக்காத பக்கம்

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த லாரிக்குப் பின்னால், கயிற்றில் கட்டின பிக்கப் பொழுது சாய்கிற நேரத்தில் வந்து சேர்ந்தது. பதினெட்டு கிலோமீட்டர். லாரிக்காரன் அவன் வேகத்துக்கு வந்திருக்கிறான்.

பானெட்டைத் திறந்த ஐந்தாவது நிமிஷத்தில் குறையைக் கண்டுபிடித்துவிட்டேன். என்ஜினிலிருந்து கியர் பாக்ஸுக்கு ஒரு மெல்லிய காற்றுக் குழாய் போகிறது. என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று அதன் வழியாகத்தான் கியர் பாக்ஸுக்குத் தெரியும். அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய். அது வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அவ்வளவுதான். கத்தினதும் அதனால்தான், உதைத்ததும் அதனால்தான், நின்றால் துடித்ததும் அதனால்தான். பெட்ரோல் டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டினேன். என்ஜின் பூ மாதிரி ஓடியது. சிரித்துக்கொண்டே லீவரை இழுத்தேன்.

வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். என்ஜின் மட்டும் ஏறியது. ரிவர்ஸும் விழவில்லை. ஆயில் கம்பியை உருவினால் சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் கறுப்பாக, கருகின தோசை வாசனையோடு வந்தது.

புத்தகத்தை எடுத்தேன். ஆயில் பக்கத்துக்கு அடுத்து இரண்டே தாள் தள்ளி, கட்டம் கட்டிப் போட்டிருந்தது. பின் சக்கரம் தரையில் இருக்கும்படி ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. என்ஜின் ஓடினால்தான் கியர் பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றும். என்ஜின் நின்று சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே எல்லாம் வறண்டு தேய்ந்துவிடும். கிளட்ச் இருக்கிற எந்த வண்டியையும் நியூட்ரலில் போட்டுக் காசி வரைக்கும் இழுக்கலாம். இந்த ஒரு வண்டியை இழுக்கக் கூடாது. மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் கேட்டது அதைத்தான்.

சேகர் மாமா தோள் மேலாக எட்டிப் பார்த்தார். நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்று கேட்டார்: "ஏன்டா, போன தடவை இந்தப் பக்கம் இதுல இல்லையா?"

சொல்லித்தான் ஆகணும்

"பழைய வண்டி, தானா போச்சுன்னு சொல்லிடலாம்டா, அவருக்கு என்னா தெரியப்போவுது" என்று பக்கத்து லேத்துக்காரர் யோசனை சொன்னார். என்னால் முடியவில்லை. எனக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். ஏழுமலை அண்ணன் மறுநாள் பஸ்ஸில் வந்தார். குழாயைக் காட்டினேன். புத்தகத்தைக் காட்டினேன். நீங்க ஓட்டிக்கினு வந்திருந்தா வண்டி நல்லா இருந்திருக்கும்ணா, நான்தான் கெடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் அந்த வெடித்த ரப்பர் துண்டை வாங்கி விரலில் மாட்டிப் பார்த்தார். மோதிரம் மாதிரி சரியாக உட்கார்ந்தது. கழற்றி என்னிடமே கொடுத்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "நீ போன்ல பேசுறப்போ டிவி சத்தம் கேட்டுது தம்பி."

மெட்ராஸ் படலம்

இரண்டு முறை மெட்ராஸ் போனேன். பழைய வண்டி உடைக்கிற கடைகளில் சந்து சந்தாக ஏறி இறங்கினேன். கியர் பாக்ஸைப் பிரித்து எடுத்த, கறுப்பாகிப்போன தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மாதிரி கியர் பாக்ஸ் இருக்கா, உள்ளே போடுகிற தட்டாவது இருக்கா என்று கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள், சிரித்தார்கள், அடுத்த கடையைக் கை காட்டினார்கள். கடைசிக் கடையில் அதே பிக்கப் மூன்று, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைக்காரர் பாக்கு மென்றுகொண்டே சொன்னார்: "இந்த வண்டிங்க என்கிட்ட வர்றதே கியர் பாக்ஸ் போனப்புறம்தான் கண்ணு."

மூன்றாவது பெடல்

சேகர் மாமாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வேறு ஒரு வேனின் சாதாரண கியர் பாக்ஸைக் கொண்டுவந்து, தகடு வெட்டி, வெல்டிங் வைத்து, கிளட்ச் போட்டு மாட்டினார். அருமையான வேலை. பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்களே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு குறைதான். பெடல் மூன்றாகிவிட்டது.

ஏழுமலை அண்ணன் ஓட்டிப் பார்த்தார். இடது காலைக் கையால் தூக்கிக் கிளட்ச் மேல் வைத்து, முட்டியை உள்ளங்கையால் அழுத்தினார். பெடல் உள்ளே போனது. ஆனால் மெதுவாக விட முடியவில்லை. வண்டி துள்ளி அணைந்தது. நாலு தடவை துள்ளியது. கையால் இழுக்கிற மாதிரி கிளட்சுக்கு ஒரு கம்பி வைக்கிறேன் என்று நான் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். ஒர்க்‌ஷாப் வாசலில் நன்றாக வேலை செய்தது. ரயில்வே கேட் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டு புளிய மரத்தில் முட்டியது. நல்லவேளை, டெயில் லைட்டோடு போயிற்று. அதன்பிறகு அவர் அந்தக் கம்பியைத் தொடவில்லை.

இப்போது அவருடைய மச்சான் ஓட்டுகிறான். போன மாசம் ஆயில் மாற்ற வந்தார்கள். மச்சான் ஸ்டீயரிங்கில், ஏழுமலை அண்ணன் பக்கத்து சீட்டில், மடியில் வாழை இலைக் கட்டு. வாசலில் பிரேக் போட்டபோது பார்த்தேன், அண்ணனின் வலது கால் ஒன்றுமே இல்லாத தரையை அழுத்தியது. வண்டி எப்படிண்ணா ஓடுது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கோபமே இல்லாமல்தான் சொன்னார்: "வண்டியில ஒரு குறையும் இல்ல தம்பி, நான்தான் மறுபடியும் மூட்டையோட மூட்டையா வர்றேன்."

இப்போதெல்லாம் யார் போன் பண்ணினாலும் கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு ஸ்பானர் பையோடு பஸ் ஏறிவிடுகிறேன், பாதி வண்டியில் பெட்ரோல்தான் தீர்ந்திருக்கும் என்று தெரிந்தும்.