ஜெபத்தைக் கேட்டு வைத்த ரசாயன வாத்தியார்

இண்டர்மீடியட்டில் ரசாயனம் படிக்கும் என் மகள் எஸ்தர், பரீட்சைக்கு முன் விடுமுறைக்குச் சித்தூர் வந்திருந்தாள். வீட்டிலேயே பாடம் சொல்லித்தர ஆள் தேடினோம். "நம்ம சபை ஆளும்மா. இன்னா உருக்கமா ஜெபம் பண்றாரு தெரியுமா!" என்று எங்கள் சபையின் மூப்பர் ஒரு வாத்தியாரை அழைத்துவந்தார். வயசுப் பெண் உள்ள வீடு, சபை ஆள் என்றால் போதும் என்று, ரசாயனத்தில் அவருக்கு என்ன தெரியும் என்றுகூட நாங்கள் விசாரிக்கவில்லை.

ஒருநாள் அவர் சோதனை செய்துகாட்டுகிறேன் என்று கண்ணாடிக் குவளையில் கந்தகத் திராவகத்தை வைத்து, அதில் தண்ணீரை ஊற்றப் போனார்.

"சார், திராவகத்தைத்தான் தண்ணியில கொஞ்சங்கொஞ்சமா ஊத்தணும்" என்றாள் எஸ்தர்.

"நீ வாத்தியாரா, நான் வாத்தியாரா?" என்று அதட்டிவிட்டு மளமளவென்று ஊற்றினார் மனிதர். குவளை கொதித்துச் சீறியது. எஸ்தர் பின்னால் துள்ளியதால் அவள் கண் தப்பியது. சேலையெல்லாம் பொத்தல்.

மூப்பரிடம் ஓடினேன். "பொண்ணு எதிர்த்துப் பேசிக்கினு இருந்தா, அவருக்குக் கை பதறாதாம்மா?" என்கிறார்!

இப்போது எந்த வாத்தியார் வந்தாலும் முதலில் எஸ்தர்தான் கேள்வி கேட்பாள். சரியான பதில் வந்தால்தான் நாற்காலி போடுவேன். ஜெபத்தை நாங்களே பண்ணிக்கொள்கிறோம்.