புகை விலகிய பிறகும்

தில்லியில் தீபாவளி முடிந்தால் யாருக்குத்தான் கண் சரியாகத் தெரிகிறது? ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு திரியும். லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில், வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியாமல் ஆளுக்கு ஆள் "பையா, கௌன்சா நம்பர்?" என்று கேட்டுக்கொண்டிருப்போம். ஆபீஸில் ஃபைலைப் பிரித்தால் எழுத்தின் நடுவில் ஒரு கறை நின்றது. பாழாய்ப்போன புகை என்று திட்டிவிட்டு, எங்கள் செக்‌ஷனில் கைமாறிக்கொண்டிருந்த சொட்டு மருந்தை நானும் விட்டுக்கொண்டேன். டாக்டரிடம் போகச் சொன்ன மனைவியிடம், இதற்கெல்லாம் போனால் ஆஸ்பத்திரி தாங்குமா என்று எரிந்து விழுந்தேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கனியில் வாரப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, இந்தச் சனியன் பிடித்த புகை இன்னும் போகவில்லையே என்றேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"புகை எங்கங்க இருக்கு? வானம் பளிச்சுனு கெடக்கு."

மறுநாளே கண் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னலைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணுக்குக் கம்பிகள் நெளிந்து தெரிந்தன. இடது கண்ணுக்கு நடுவில் கம்பியே இல்லை. விழித்திரையின் நடுவே கடுகை விடச் சின்ன இடம் ஒன்று இருக்கிறதாம். எழுத்தும் முகமும் தெளிவாகத் தெரிவது அதனால்தானாம். இடது கண்ணில் அது எப்போதோ கெட்டுவிட்டது. வலது கண் சமாளித்ததால் எனக்குத் தெரியவில்லை. இப்போது வலதிலும் ரத்தம் கசிந்து தழும்பாகியிருந்தது. ஊசி போட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது வராது என்றார். கசியத் தொடங்கியபோதே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முழுசாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஹோலிக்கு வந்தாள். போனில் சொன்னால் பதறுவாள் என்று அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எதிரே உட்கார்ந்து பேசினாள். நேராகப் பார்த்தால் தோடு தெரிந்தது, தலைமுடி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அதே புகை. பார்வையை விலக்கிப் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். ஓரத்தில், மங்கலாக, அவள் சிரிப்பது தெரிந்தது. அதை விட மனமில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பேச்சு நின்றது.

"அப்பா, இவ்வளவு தூரம் வந்திருக்கேன். என் முகத்தைக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்க."

"உன்னைத்தாம்மா பாக்குறேன்" என்றேன், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.